நெருப்பெரிச்சலில் ஒரு சனிக்கிழமைச் சபை

பாஸ்டர் வேலை என்றால் வெள்ளைச் சட்டையும் ஞாயிற்றுக்கிழமை பிரியாணியும்தான் என்று நினைக்கிறவர்கள், குடியை நிறுத்தியவர்களுக்கென்று ஒரு சபையைத் தொடங்கிக் கொஞ்ச காலம் நடத்திப் பார்க்க வேண்டும். ஊழியத்துக்கு வருவதற்கு முன்னால் நான் திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருந்தவன். துவைத்ததும் சாயம் போன பனியனுக்கு துணி வாங்குகிற வெளிநாட்டு பையரிடம் பதில் சொல்லியிருக்கிறேன். கன்டெய்னர் கிளம்பும் நேரத்தில் லேபிள் மாறித் தைக்கப்பட்ட மூட்டைகளைப் பார்த்தும் மயங்கி விழாமல் நின்றிருக்கிறேன். அதனால் பொறுமை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு இப்போது இல்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது, "நாளையில இருந்து தொட மாட்டேன்" என்று பைபிள் மேலோ, சாமி படத்தின் மேலோ, பெற்ற பிள்ளையின் தலையிலோ கையை வைத்துச் சத்தியம் செய்திருந்தால் நீங்களும் என் இனம்தான். உட்காருங்கள். உங்களிடம் சொன்னால்தான் புரியும். மற்றவர்களிடம் சொன்னால், "ஜெபம் பண்ணுங்க பாஸ்டர்" என்று எனக்கே சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஒருமனதாக

அப்போது நான் டவுனில் ஒரு பெரிய சபையில் உதவிப் பாஸ்டர். குடியை நிறுத்தியவர்களும் நிறுத்தப் பார்க்கிறவர்களுமாகச் சில பேர் கடைசி பெஞ்சுக்கு வருவார்கள். ஒருவருக்குக் கை நடுங்கும். இன்னொருவர் பிரசங்கம் ஆரம்பித்ததும் தூங்கிவிடுவார். ஒருவர் மேல் முந்தின நாள் வாசனை இன்னும் மிச்சமிருக்கும். அவர்களுக்கு முன்னால் இருக்கிற பெஞ்சில் யாரும் உட்கார மாட்டார்கள். நின்றுகொண்டாவது ஆராதிப்பார்களே தவிர உட்கார மாட்டார்கள்.

இவர்களுக்குத் தனியாக ஒரு கூடுகை வேண்டும், சின்னப் பிரசங்கம், நடுவில் எழுந்து வெளியே போய்வர அனுமதி, முடிந்ததும் டீ என்று கமிட்டியில் பேசினேன். பெரிய சண்டை வரும் என்று வசனங்களையெல்லாம் தேடி எடுத்துத் தயாராகப் போயிருந்தேன். காம்பவுண்டு சுவருக்கு என்ன பெயின்ட் அடிப்பது என்று வருஷக்கணக்காக அடித்துக்கொண்ட கமிட்டி அது. நான் உட்காருவதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஆண்டவர் எவ்வளவு வேகமாகக் கிரியை செய்கிறார் என்று கண் கலங்கிப் படியிறங்கினேன். பின்னாலேயே வந்த செக்ரட்டரி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ரொம்ப நல்ல காரியமுங்க பாஸ்டர். எங்காச்சும் தூரமா வச்சுக்கோங்க."

மதம் மாற்றுகிறவன்

தூரமாக என்று தேடியதில் திருப்பூரின் ஓரத்தில் நெருப்பெரிச்சல் என்ற இடத்தில் ஒரு செட் கிடைத்தது. முன்பு சட்டைக்குப் பொத்தான் துளை போடுகிற காஜா யூனிட் இருந்த இடம். மேலே சிமென்ட் ஷீட், ஒரு பக்கம் தென்னை மரம், கூப்பிடு தூரத்தில் மதுக்கடை. இத்தனை நல்ல இடம் ஏன் காலியாகக் கிடந்தது என்று கேட்காமலே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

செட்டின் சொந்தக்காரர் சுப்பாத்தாள் அக்கா. கோயில் காரியம் எல்லாவற்றிலும் முன்னால் நிற்கிற மனுஷி. "பாட்டுப் பாடறதுன்னு சொல்லிப்போட்டு ஆளுங்களை மதம் மாத்துற சோலியெல்லாம் இங்க ஆகாதுங்க சாமி" என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நாங்கள் கூடிய முதல் நாளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஒருவர் சுவரில் சாய்ந்து குறட்டை. ஒருவர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பீடிக்கு எழுந்து போகிறார். நெற்றி நிறைய விபூதியோடு வந்த ஒருவர், "ஏனுங்க, டீ எப்பங்க?" என்று பிரசங்கத்தின் நடுவே மரியாதையாகக் கேட்கிறார்.

முடிந்ததும் சுப்பாத்தாள் அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். காலி பண்ணச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "இவிங்களையாங்க நீங்க மாத்தப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "அடுத்த வாரம் என்ற ஊட்டுக்காரரையும் கூட்டிட்டு வர்றேனுங்க. முடிஞ்சா மாத்துங்க, பார்ப்போம்."

பின்னாடி கேட்

முதலில் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கூடினோம். கூடினோம் என்பது ஒரு பேச்சுக்கு. முதல் வாரம் டீக்கு வந்தவர்கள் போகப்போகக் குறைந்து, நானும் என் மனைவி மெர்சியும் மட்டும்தான் உட்கார்ந்திருப்போம். திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை சாயங்காலம். கம்பெனி கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில்தான் ஒருவன் தப்புவதும் மாட்டுவதும். ஞாயிறு காலை வருகிறவனுக்கு நான் என்ன பிரசங்கம் செய்தாலும் அது ஒரு ராத்திரி தாமதம்.

அதனால் ஆராதனையைச் சனிக்கிழமை ஆறு மணிக்கு மாற்றினேன். மாற்றியதோடு நிற்காமல் கம்பெனி கேட்டுக்கே போய் ஆட்களைக் கையோடு கூட்டிவருவது என்று முடிவு செய்தேன். குறிப்பாக எபனேசரை. எபனேசர் அந்தக் கடைசி பெஞ்சுக்காரர்களில் ஒருவர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஓவர்லாக் மிஷினில் தைக்கிற டெய்லர். மனைவியும் மகளும் ஊரில். அவர் பாடினால் சிமென்ட் ஷீட்டே அதிரும். அவர் வராவிட்டால் பாட்டு என் தலையில்தான், அது யாருக்கும் ஆசீர்வாதமாக இருக்காது.

தலைமுடியெல்லாம் பஞ்சோடு ஆட்கள் கும்பல் கும்பலாக வெளியே வந்தார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூட்டம் வடிந்தது. விளக்கை அணைத்தார்கள். வாட்ச்மேன் இரக்கப்பட்டுத் தன் ஸ்டூலை எனக்குத் தந்தார். யாருக்காக நிற்கிறேன் என்று விசாரித்தார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "டெய்லர் எபனேசருங்களா? அவரு உங்களைப் பாத்துப்போட்டுத்தானுங்க பின்னாடி கேட்டுல போனாரு."

பேய்

டீ எப்போது என்று கேட்ட விபூதிக்காரர் பழனிச்சாமி. ஒரு காலத்தில் சொந்தமாகப் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் யூனிட் வைத்திருந்தவர். யூனிட் போன வழி உங்களுக்குத் தெரியும். இப்போது சொந்தக்காரர் யூனிட்டில் மிஷின் பழுது பார்க்கிறார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிற அவர் மனைவி ருக்குமணிதான், "கோயில், குளம், மருந்து எல்லாம் பாத்தாச்சுங்க, இதையும் பாத்தர்றேன்" என்று இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

நிறுத்துவது என்று முடிவு செய்ததும் பழனிச்சாமி யாரிடமும் கேட்காமல் ஒரேயடியாக நிறுத்திவிட்டார். அந்த வாரச் சனிக்கிழமை வெளியூரிலிருந்து பேர்போன பிரசங்கியார் ஒருவர் எங்கள் சபைக்கு வந்திருந்தார். பாட்டுக்கு நடுவில் பழனிச்சாமிக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று தட்டித் தட்டி விட ஆரம்பித்தார். எறும்பே இல்லை. அப்புறம் கை கால் வெட்டி இழுத்தது. பிரசங்கியார் மைக்கை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "வெளியே போ!" என்று பேய்க்கு ஒரே அதட்டல். "ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க" என்று ருக்குமணி கத்துவது அந்த ஸ்பீக்கர் சத்தத்தில் கேட்கவே இல்லை. நிறுத்தச் சொல்லி நான் கும்பிட்டுக் கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் போய் மைக் ஒயரைப் பிடுங்கினேன். எபனேசரும் நானும் பழனிச்சாமியைத் தூக்கி ஆட்டோவில் போட்டோம்.

வருஷக்கணக்காகக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் வலிப்பு வரும், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிர் போயிருக்கும் என்று டாக்டர் என்னைத் திட்டினார். என்னை ஏன் திட்டினார் என்று கேட்காதீர்கள், பக்கத்தில் நின்றவன் நான். ருக்குமணி ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது இன்னும் கண்ணில் இருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் சபையில் முதலில் டாக்டர், அப்புறம் ஜெபம்.

பழனிச்சாமி தேறி வந்துவிட்டார். ஆனால் அந்தப் பிரசங்கியார் போகிற இடமெல்லாம் திருப்பூரில் ஒரு முரட்டுப் பேயைத் துரத்திய கதையைச் சொல்கிறார் என்று கேள்விப்பட்டேன். எனக்குக் கோபம் தாங்கவில்லை. போனைப் போட்டு நாலு கேள்வி கேட்கப்போகிறேன் என்று குதித்தேன். பழனிச்சாமி என்னைச் சமாதானப்படுத்தினார். "சொல்லிட்டுப் போறாருங்க, உடுங்க. பேய்க்கு ஊசி போட்டாங்கங்கறதையும் சேத்திச் சொல்லச் சொல்லுங்க."

சாட்சி

சபை என்றால் சாட்சி சொல்ல வேண்டும். முன்பு எப்படி இருந்தேன், இப்போது எப்படி இருக்கிறேன் என்று எழுந்து சொல்வது. எபனேசர் எழுந்தார். முன்பு எப்படி இருந்தேன் என்பதிலேயே முக்கால் மணி நேரம் போனது. எந்தச் சரக்கு, எதில் கலந்தது, பாரில் மிளகு தூக்கலாகப் போட்ட ஈரல் வறுவல் எப்படி இருக்கும், மழை பெய்யும்போது அதற்கு எப்படித் தனி ருசி என்று அவர் விவரிக்க விவரிக்க, செட்டில் ஒரு குண்டூசி விழுந்தால் கேட்கும். என் பிரசங்கத்துக்கு ஒருநாளும் கிடைக்காத அமைதி. முன் வரிசையில் சுப்பாத்தாள் அக்காவின் வீட்டுக்காரர் எச்சில் விழுங்குகிறார்.

அடுத்த வாரமே சட்டம் போட்டேன். சரக்கின் பெயர் கூடாது, கடையின் பெயர் கூடாது, தொட்டுக்கொள்ள என்ன என்பது கூடவே கூடாது. எபனேசர் எழுந்து, "குடிச்சேன். விட்டுட்டேன். ஆமென்" என்று சொல்லிவிட்டு முறைப்பாக உட்கார்ந்தார். அப்பாடா என்று இருந்தது.

ஆராதனை முடிந்து பார்த்தால் செட்டில் ஒருவரும் இல்லை. எதிரே டீக்கடையில் எல்லோரும் வட்டமாக நிற்கிறார்கள். நடுவில் எபனேசர் தன் சாட்சியை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துகொண்டிருக்கிறார். பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு தொடாத டீ மாஸ்டர் பாய்லரை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சொன்னார்: "ஏனுங்க பாஸ்டர், இவரு சொல்றதைக் கேட்டா எனக்கே ஒருநா குடிச்சுப் பாக்கோணும்போல இருக்குதுங்க."

திராட்சை ரசம்

திருவிருந்துக்குத் திராட்சை ரசம் வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒயின் என்ற பேச்சுக்கே இடமில்லை. மெர்சி உலர்ந்த திராட்சையை வேகவைத்து, பிழிந்து வடிகட்டி, பயபக்தியோடு மூடி போட்ட ஒரு தூக்குப்போசியில் ஊற்றிக் கொடுத்தாள். செட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. வேலை முன்கூட்டியே முடியட்டுமே என்று வியாழக்கிழமையே கொண்டுபோய் மேஜைக்கு அடியில் வைத்துவிட்டேன். சிமென்ட் ஷீட்டுக்குக் கீழே, சித்திரை மாதத்து வெயிலில்.

சனிக்கிழமை ஜெபத்தை முடித்து மூடியைத் திறந்தேன். லேசாக 'உஸ்' என்று ஒரு சத்தம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் தலை குனிந்து கண் மூடியிருந்த கூட்டம் மொத்தமும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தது. பழனிச்சாமி எழுந்து முன்னால் வந்து, காதோடு, "பாஸ்டர், கோவிச்சுக்காதீங்க. அது எந்திரிச்சிருச்சுங்க" என்றார். எந்திரிச்சிருச்சு என்றால் புளித்துப் பொங்கிவிட்டது என்று அர்த்தம். இந்த விஷயத்தில் அந்த மூக்குகளோடு வாதாட நான் யார்?

போசியை எடுத்துக்கொண்டுபோய்த் தென்னை மரத்தடியில் ஊற்றினேன். சபை முழுவதும் வாசலில் வந்து நின்று, ஒரு துக்க வீட்டு அமைதியோடு அதைப் பார்த்தது. சுப்பாத்தாள் அக்கா எங்கள் நிலைமையைப் பார்த்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். அன்றைக்குத் திருவிருந்து இளநீரில்தான் நடந்தது. இது கமிட்டிக்குத் தெரிந்து, இளநீருக்கு வேதத்தில் ஆதாரம் உண்டா என்று என்னைக் கூப்பிட்டு விசாரித்தது தனிக்கதை. எனக்கு மறக்காதது, மண்ணில் சுவறிப் போகிற கடைசிச் சொட்டைப் பார்த்துக்கொண்டு எபனேசர் விட்ட பெருமூச்சுதான்: "அந்தத் தென்னைக்கு வந்த யோகத்தப் பாருங்க பாஸ்டர்."

அடக்கத்துக்குப் பாட

ஆதாரம் கேட்ட கமிட்டி, அடுத்ததாக நேரில் வந்து பார்க்கிறோம் என்றது. எபனேசரைத்தான் முன்னால் நிறுத்துவது என்று பெருமையோடு முடிவு செய்திருந்தேன். ஊரில் இருக்கிற மகளைச் சபையில் முழு உறுப்பினராகச் சேர்க்கிற திடப்படுத்தல் ஆராதனை வருகிறது, முதல் தடவையாகத் தெளிவாகப் போய் நிற்கப்போகிறேன் என்று அவளுக்கு வெள்ளைச் சட்டை தைத்து வைத்திருந்தார். கமிட்டி வந்தது. எபனேசர் வந்தார். வாசலுக்கு வரும்போதே கால் பின்னியது. பாட்டு மட்டும் பிசகவில்லை. கண்ணீர் வழியப் பாடி முடித்து, செக்ரட்டரியின் மடியிலேயே சாய்ந்துவிட்டார்.

அப்புறம் ஆளையே காணவில்லை. வேலைக்குப் போகவில்லை, போன் எடுக்கவில்லை. ஊரிலிருந்து அவர் மனைவி எனக்குப் போன் செய்து, "பிள்ள அவரு தச்ச சட்டையத் தொட்டுப் பாக்கணும்னு காத்துக் கெடக்கு, அவரு வருவாரா மாட்டாரான்னு மட்டும் சொல்லுங்க" என்றார். எபனேசரின் ஈரல் ஏற்கெனவே கெட்டுவிட்டது, இனிக் குடித்தால் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னது எனக்கு மட்டும் தெரியும். நானும் பழனிச்சாமியும் அவர் இருக்கிற லைன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினோம். திறக்கவில்லை. நான் வசனம் சொன்னேன், கெஞ்சினேன், கடைசியில் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

உள்ளேயிருந்து எபனேசர் குரல் கரகரத்தது: "நான் செத்துட்டேன்னு ஊர்ல சொல்லிருங்க பாஸ்டர்."

பழனிச்சாமி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வாசற்படியில் சாவகாசமாக உட்கார்ந்து, கதவைப் பார்த்துத் தன் வழக்கமான மரியாதையோடு சொன்னார்: "சொல்லிரலாமுங்க. ஆனா அடக்கத்துக்குப் பாட நம்ம சபையில வேற ஆள் இல்லீங்களே, நீங்கதான் வந்து பாடோணும்."

நான் போகாத சனிக்கிழமை

கதவு திறக்க வெகுநேரம் ஆனது, ஆனால் திறந்தது. எபனேசரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மகளின் ஆராதனைக்கு அவர் போகவில்லை. வெள்ளைச் சட்டையை மட்டும் மெர்சி துவைத்து, மடித்து ஊருக்கு அனுப்பினாள். அந்த வாரமே சபையில் புதிதாக வந்த இரண்டு பேர் ஃபேனுக்குக் கீழே யார் உட்காருவது என்று அடித்துக்கொண்டு மைக் ஸ்டாண்டை உடைத்தார்கள். வீட்டுக்கு வந்து மெர்சியிடம் சொல்லிவிட்டேன்: போதும், பையரே தேவலை, அவன் கெட்ட வார்த்தையை மெயிலில்தான் அனுப்புவான்.

அடுத்த சனிக்கிழமை நான் போகவில்லை. போனை அணைத்துவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டேன். அடுக்களையில் மெர்சி பெரிய பாத்திரத்தை எடுக்கிற சத்தம் கேட்டது. இரண்டு பேருக்கு எதற்கு அத்தனை பெரிய பாத்திரம் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

ஆறரை மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம். ஒன்றிரண்டல்ல. எழுந்துபோய்ப் பார்த்தால் மொத்தச் சபையும் கேட்டுக்கு வெளியே நிற்கிறது. பழனிச்சாமி, ருக்குமணி, வீட்டுக்காரரோடு சுப்பாத்தாள் அக்கா, ஃபேனுக்குச் சண்டை போட்ட இருவர் கூட. முன்னால் எபனேசர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. சட்டை தோளில் தொங்கியது, ஆனால் கண் தெளிவாக இருந்தது. சபைக்கு வராதவர் வீட்டுக்குப் போய், திட்டாமல், வாயை ஊதச் சொல்லிப் பார்ப்பது நானே ஏற்படுத்திய வழக்கம். அது என் வீட்டுக்கும் வரும் என்று நான் நினைக்கவில்லை.

"உடம்பு சரியில்லீங்க, காய்ச்சல்" என்றேன்.

"நாங்களும் அப்படித்தானுங்க சொல்லுவோம்" என்றார் பழனிச்சாமி.

எபனேசர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். என் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தார். அவரை எத்தனையோ தடவை நான் பார்த்த அதே பார்வை, நம்பவும் முடியாமல் விடவும் முடியாமல். அவர் சொன்னார்: "கதையெல்லாம் அப்புறம் கேக்கேன், முதல்ல ஊதுங்க பாஸ்டர்."

ஆக, குடியை விடுவதற்கென்று நான் தொடங்கிய சபையில் இன்றுவரை விட முடியாமல் மாட்டிக்கொண்டிருப்பவன் நான் ஒருவன்தான்.